வயிற்று உப்புசம்

வயிற்று உப்புசம் என்பது வயிறு நிறைந்து, இறுகி, ஊதியது போல் உணரப்படும் நிலையாகும். வயிற்றுப் பொருமல், வாயுத் தொல்லை, வாய்வு, கேஸ் டிரபிள் என்று இது தமிழ்நாட்டில் பலவாறு அழைக்கப்படுகிறது. பெரும்பாலான நேரங்களில் இது நோயன்று. உணவு, உண்ணும் முறை, மலச்சிக்கல், உடலுழைப்புக் குறைவு ஆகியவற்றின் விளைவாகும். எனவே இவற்றைச் சீர்செய்வதன் மூலம் மருந்தின்றியே பெரும்பாலும் தணிக்க இயலும். எனினும் "வாயு" என்னும் ஒரே சொல்லால் வெவ்வேறு உடல்நிலைகள் குறிக்கப்படுவதால், பொருந்தாத மருந்தை உண்பதும், சில வேளைகளில் உயிருக்கு ஆபத்தான நோயை வாயு என்று எண்ணிக் காலம் தாழ்த்துவதும் நிகழ்கின்றன.

சொல்லும் பொருளும்

சித்த மருத்துவம் உடலின் இயக்கத்தை வளி, அழல், ஐயம் என்னும் மூன்றாகப் பகுக்கிறது. வளி என்பது வாதம். அது பிராணன், அபானன், உதானன், சமானன் முதலிய பத்து வாயுக்களாக விரித்துக் கூறப்படுகிறது. இவற்றுள் அபானன் கீழ்நோக்கிச் செல்வது. மலம், சிறுநீர் ஆகியவற்றை வெளித்தள்ளுவது. இப்பகுப்பில் வாயு என்பது இயக்கத்தைக் குறிக்கும் கருத்தாகும்; குடலில் அடைபட்ட காற்றை மட்டும் குறிப்பதன்று. மூட்டுவலியும் இடுப்புப் பிடிப்பும் கூட "வாயு" என்று ஊர்களில் சொல்லப்படுவது இதனால்தான். பிற்காலத்தில் ஆங்கில மருத்துவத்தின் "கேஸ்" என்ற சொல்லும் இதனோடு சேர்ந்துகொள்ளவே, பொருள் மேலும் குழம்பியது.

மருந்துக் கடையில் "கேஸ்" என்று ஒருவர் சொல்லும்போது அது ஏப்பமாக இருக்கலாம். வயிறு உப்பிய உணர்வாக இருக்கலாம். அபானவாயு மிகுதியாகப் பிரிவதாக இருக்கலாம். புளித்த நீர் எதுக்களித்து நெஞ்சு எரிவதாக இருக்கலாம். நெஞ்சில் ஏற்படும் பிடிப்பாகவும் இருக்கலாம். ஐந்து வெவ்வேறு வழுக்களுக்கு ஒரே பிழைச்செய்தியைக் காட்டும் மென்பொருளுடன் இதனை ஒப்பிடலாம். செய்தியை மட்டும் படித்துத் திருத்தத் தொடங்கினால் தவறான இடத்தையே திருத்த நேரிடும். ஆகவே முதலில் பிரித்தறிய வேண்டும். ஏப்பம் பெரும்பாலும் விழுங்கிய காற்று. அபானவாயு பெரும்பாலும் பெருங்குடலில் உண்டானது. நெஞ்செரிச்சல் அமிலம் மேலேறுவதால் வருவது. அதற்கும் வாயுவுக்கும் நேரடித் தொடர்பில்லை.

வாயு உண்டாகும் விதம்

செரிமானப் பாதையில் காற்று சேர்வதற்கு இரண்டு முதன்மையான வழிகள் உள்ளன. ஒன்று, உணவோடும் நீரோடும் உமிழ்நீரோடும் நாம் விழுங்கும் காற்று. வேகமாக உண்ணுதல், பேசிக்கொண்டே உண்ணுதல், அண்ணாந்து நீர் குடித்தல், புகைபிடித்தல், வெற்றிலை பாக்கையோ சூயிங்கத்தையோ ஓயாமல் மெல்லுதல் ஆகியவை இதனை மிகுவிக்கின்றன. இக்காற்றில் நைட்ரஜனும் ஆக்சிஜனும் உள்ளன. பெரும்பகுதி ஏப்பமாகத் திரும்பிவிடுகிறது.

இரண்டாவது, பெருங்குடலில் வாழும் நுண்ணுயிர்களின் செயல். சிறுகுடலில் செரிக்காமல் எஞ்சிய மாவுப்பொருள்களையும் நார்ப்பொருள்களையும் இந்நுண்ணுயிர்கள் நொதிக்கச் செய்கின்றன. ஹைட்ரஜன், கார்பன் டை ஆக்சைடு, சிலரிடம் மீத்தேன் ஆகியன வெளிப்படுகின்றன. இவை எவற்றுக்கும் மணம் இல்லை. மிகச் சிறிதளவே உண்டாகும் கந்தகச் சேர்மங்களே துர்நாற்றத்துக்குக் காரணம். முட்டை, இறைச்சி, முட்டைக்கோசு, பூண்டு போன்ற கந்தகம் மிகுந்த உணவுகளை உண்ட பின் நாற்றம் மிகுவதன் காரணமும் இதுவே. அளவும் நாற்றமும் தனித்தனியானவை என்பதை இதிலிருந்து அறியலாம்.

நலமான ஒருவருக்கு எவ்வளவு வாயு பிரியும் என்பதும் அளக்கப்பட்டுள்ளது. பத்துத் தன்னார்வலர்களைக் கொண்டு செய்யப்பட்டு 1991ஆம் ஆண்டு வெளியான பிரித்தானிய ஆய்வொன்றில், வழக்கமான உணவோடு 200 கிராம் வேகவைத்த அவரை வகை விதைகளையும் உண்டபோது, 24 மணி நேரத்தில் 476 முதல் 1491 மில்லிலிட்டர் வரை வாயு பிரிந்தது. இடைநிலை அளவு 705 மில்லிலிட்டர். நார்ப்பொருள் அறவே இல்லாத உணவுக்கு மாற்றியபோது அது ஏறத்தாழ 200 மில்லிலிட்டராகக் குறைந்தது. நாளொன்றுக்கு இருபது முறை வரை வாயு பிரிதல் இயல்பானதே. இது நோயின் அறிகுறி என்று கருதி அஞ்சுவோர் பலர். கூச்சத்தினால் இதைப் பற்றி எவரிடமும் கேளாதிருப்பதே இந்த அச்சம் நீடிக்கக் காரணம் எனலாம்.

உப்புதலும் வாயுவின் அளவும்

வயிறு உப்பியிருந்தால் உள்ளே வாயு மிகுதியாக இருக்கும் என்பது பொதுவான எண்ணம். ஆனால் உப்புசத்தால் துன்புறுவோரின் குடலில் இருக்கும் வாயுவை அளந்து பார்த்த ஆய்வுகளில், பெரும்பாலோரிடம் மற்றவர்களை விடக் குறிப்பிடத்தக்க அளவு மிகுதியான வாயு காணப்படவில்லை. இரண்டு வேறு காரணங்கள் இதற்குக் கூறப்படுகின்றன.

முதலாவது, குடலின் கூர் உணர்வு. இயல்பான அளவு வாயுவையே சிலரது குடல் நரம்புகள் மிகையாக உணர்கின்றன. குடல் எரிச்சல் நோய்க்குறித் தொகுப்பு உடையோரிடம் இது மிகுதி. உறக்கக் குறைவும் மனஅழுத்தமும் இதனைக் கூட்டுகின்றன. இரண்டாவது, தசைகளின் இசைவின்மை. சாதாரணமாகக் குடலில் வாயு சேரும்போது உதரவிதானம் சற்று மேலேறி, வயிற்றின் முன்புறத் தசைகள் இறுகி இடம் அமைத்துக்கொள்கின்றன. சிலரிடம் இது தலைகீழாக நடக்கிறது. உதரவிதானம் கீழிறங்குகிறது, முன்தசைகள் தளர்கின்றன, வயிறு முன்னே தள்ளுகிறது. எசுப்பானியாவின் பார்சலோனா நகர ஆய்வாளர்கள் இதனைப் படமெடுத்து விளக்கியுள்ளனர். காலையில் தட்டையாக இருந்த வயிறு மாலையில் பானை போலாவதை, உள்ளே பெருமளவு காற்று சேராமலேயே நிகழக்கூடியதாக இது காட்டுகிறது. இத்தகையோருக்கு எத்தனை சூரணம் உண்டாலும் பயன் குறைவு. கீழே கூறப்படும் மூச்சுப் பயிற்சியே ஏற்றது.

அரியலூர், பெரம்பலூர் வட்டார உணவும் வாயுவும்

வாயு பற்றிய பேச்சு உணவிலிருந்து பிரிக்க இயலாதது. உணவோ மண்ணோடு தொடர்புடையது. வீரமாமுனிவர் தொடர்புடைய அடைக்கல மாதா ஆலயத்தால் அறியப்பட்ட ஏலாக்குறிச்சி, கொள்ளிடத்தின் வடகரைப் பகுதியில் உள்ளது. இப்பகுதி நெல் விளையும் நன்செய். நெல் அறுவடைக்குப் பின் வயலின் எஞ்சிய ஈரத்தில் உளுந்தும் பச்சைப்பயறும் விதைப்பது காவிரிப் படுகை ஊர்களின் வழக்கம். வடக்கே செல்லச் செல்ல மானாவாரி நிலம். அங்கே சோளம், கம்பு, வரகு, துவரை, மொச்சை ஆகியன மரபான பயிர்கள். இன்று மக்காச்சோளமும் பருத்தியும் மிகுந்துள்ளன. பெரம்பலூர் மாவட்டம் சின்ன வெங்காயத்துக்குப் பெயர் பெற்றது.

இப்பட்டியலில் வாயுவை உண்டாக்கும் இரண்டு பெரும் பிரிவுகள் அடங்கியுள்ளன. பயறு வகைகளில் ராஃபினோசு, இசுட்டாக்கியோசு, வெர்பாசுக்கோசு என்னும் சிறு சர்க்கரைத் தொடர்கள் உள்ளன. இவற்றை உடைக்கும் ஆல்பா காலக்டோசிடேசு என்னும் நொதியை மனிதக் குடல் சுரப்பதில்லை. எனவே இவை முழுமையாகப் பெருங்குடலை அடைந்து நொதிக்கின்றன. வெங்காயம், பூண்டு, கோதுமை ஆகியவற்றில் பிரக்டான் என்னும் மற்றொரு தொடர் உள்ளது. அதனை உடைக்கும் நொதியும் நமக்கில்லை. சின்ன வெங்காயச் சாம்பார் சுவைக்குப் புகழ்பெற்றது. துவரையும் வெங்காயமும் ஒருங்கே சேர்ந்த அது, கூர் உணர்வுடைய குடலுக்கு இரட்டைச் சுமையாகும்.

பாலில் உள்ள லாக்டோசு இன்னொன்று. இதனைச் செரிக்கும் திறன் வளர்ந்தோரில் பலருக்குக் குறைகிறது. 1981ஆம் ஆண்டு வெளியான இந்திய ஆய்வொன்று, வட இந்தியர்களை விடத் தென்னிந்தியர்களிடம் இக்குறை மிகுதி எனக் கண்டது. ஆய்வுக்குட்பட்ட தென்னிந்தியரில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினருக்கு இது காணப்பட்டது. எனினும் செரிப்புத் திறன் குறைந்தோரிலும் பலர் ஒரு குவளைப் பாலைத் தொல்லையின்றிக் குடிக்கின்றனர். தயிரிலும் மோரிலும் நுண்ணுயிர்கள் லாக்டோசின் ஒரு பகுதியை முன்னரே உண்டுவிடுவதால் அவை எளிதில் ஏற்கப்படுகின்றன. இரவில் வெறும் பால் குடித்து உப்புசம் அடைவோர் இரு வாரம் பாலை நிறுத்தி மோருக்கு மாறிப் பார்ப்பது எளிய சோதனையாகும்.

உருளைக்கிழங்கு, வாழைக்காய் ஆகியவற்றை "வாய்வுப் பண்டம்" என்று விலக்குவது தமிழக வழக்கு. சமைத்து ஆறிய கிழங்கிலும், முற்றாத வாழையிலும் செரிப்புக்கு எதிர்நிற்கும் மாப்பொருள் கூடுதல் என்பதால் இதில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் சூடாக உண்ணும் உருளைக்கிழங்கு, துவரையையும் மொச்சையையும் விடக் குடலுக்கு எளியது. கிழங்கை விலக்கிவிட்டுப் பருப்பையும் வெங்காயத்தையும் தொடர்ந்து உண்போர் தொல்லை தீரவில்லை என்று வியப்பதுண்டு.

சமையல் முறைகள்

பயறுகளை விலக்குவது தீர்வாகாது. அவை ஊனுண்ணாதோர்க்கு முதன்மையான புரத மூலம். மேலும் அந்நொதித்தலே குடலின் உட்சுவர் செல்களுக்கு உணவாகும் கொழுப்பு அமிலங்களைத் தருகிறது. வாயுவைக் குறைக்கச் சமையலறையில் செய்யத்தக்கன பல உள்ளன.

மேற்சொன்ன சர்க்கரைத் தொடர்கள் நீரில் கரைபவை. கொண்டைக்கடலை, மொச்சை, காராமணி போன்றவற்றை இரவு முழுதும் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு, புது நீரில் வேகவைத்தால் அவற்றின் ஒரு பகுதி வெளியேறுகிறது. ஊறவைத்த நீரிலேயே வேகவைத்தால் இப்பயன் இல்லை. முளைகட்டினால் விதை தன் வளர்ச்சிக்காக அச்சர்க்கரைகளைத் தானே செலவிடுகிறது. மொச்சையை ஊறவைத்துத் தோலைப் பிதுக்கி எடுக்கும் பிதுக்குப் பருப்பில், ஊறலோடு தோலின் நார்ப்பொருளும் நீங்குகிறது. இட்லி மாவு புளிக்கும்போது உளுந்தின் ராஃபினோசும் இசுட்டாக்கியோசும் நுண்ணுயிர்களால் குறைக்கப்படுகின்றன. அதாவது குடலில் நிகழ வேண்டிய நொதித்தலின் ஒரு பகுதி மாவுப் பானையிலேயே முடிந்துவிடுகிறது. மாவு பொங்கி மேலெழுவதைக் கண்டோர் அந்த வாயுவைக் கண்ணாலேயே கண்டவர்களாவர்.

நோயுற்றோருக்கும் மகப்பேற்றுக்குப் பின்னும் பாசிப்பருப்பைப் பத்திய உணவாகக் கொடுக்கும் மரபும் இங்கு நினைவுகூரத்தக்கது. தோல் நீக்கிய பாசிப்பருப்பு சிறிய அளவில் உண்ணும்போது மற்ற பருப்புகளை விடக் குறைவான வாயுவையே உண்டாக்குகிறது.

ஆசுத்திரேலியாவின் மொனாசு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2005ஆம் ஆண்டு முதல் உருவாக்கிய ஃபாட்மேப் என்னும் உணவு முறை, எளிதில் நொதிக்கும் இத்தகைய சர்க்கரைகளை இரண்டு முதல் ஆறு வாரங்கள் வரை குறைத்து, பின்னர் ஒவ்வொன்றாக மீண்டும் சேர்த்துப் பார்த்து, தனக்கு ஒவ்வாதது எது என்று கண்டறியும் முறையாகும். சோறு, முட்டை, மீன், கேரட், கத்தரிக்காய், ஆரஞ்சு, பப்பாளி ஆகியன இதில் ஏற்கத்தக்கவை. முதற்கட்டத்திலேயே நின்றுவிட்டு வாழ்நாள் முழுதும் பட்டியல் பார்த்து உண்பது பிழை. அது குடலின் நன்மை தரும் நுண்ணுயிர்களைப் பட்டினி போடுவதாகும். எண்ணெயில் பிரக்டான் கரைவதில்லை. எனவே பூண்டை எண்ணெயில் பொரித்து, பல்லை எடுத்துவிட்டு, எண்ணெயை மட்டும் பயன்படுத்தினால் மணம் கிடைக்கும், தொல்லை வராது. வெங்காயத் தாளின் பச்சைப் பகுதியும் அவ்வாறே.

கைம்மருந்துகள்

பெருங்காயம்: வாயுவுக்குத் தமிழ்ச் சமையலில் முதலில் நினைக்கப்படுவது இதுவே. இது பெருலா என்னும் செடியினத்தின் வேரிலிருந்து வடியும் பிசின். ஆப்கானித்தான், ஈரான், நடு ஆசிய நாடுகளிலிருந்து இறக்குமதியாகிறது. இந்தியாவில் இதனைப் பயிரிடும் முயற்சியாக இமாச்சலப் பிரதேசத்தின் லாகௌல் பள்ளத்தாக்கில் உள்ள குவாரிங் என்னும் ஊரில் 2020 அக்டோபர் 15 அன்று முதல் நாற்று நடப்பட்டது. கடைகளில் கிடைப்பது தூய பிசினன்று. மைதா அல்லது அரிசி மாவும் கருவேல இனப் பிசினும் கலந்த கூட்டுப் பெருங்காயம். கோதுமை ஒவ்வாத குடல்நோய் உடையோர் பொட்டலத்தின் பின்புறத்தைப் படித்து, அரிசி மாவு கலந்ததை வாங்க வேண்டும். செரிமானக் கோளாறில் பெருங்காயம் பயன்தருவதாகச் சிறிய ஆய்வுகள் கூறுகின்றன. பெரிய ஆய்வுகள் குறைவு. வெங்காயமும் பூண்டும் சேர்க்காத சமையலில் அவற்றின் மணத்துக்கு ஈடாகப் பெருங்காயம் சேர்ப்பது வழக்கம். அவ்வகையில் அது வாயுவைக் குறைப்பதில், மருந்தாக இருப்பதைப் போலவே மாற்றாக இருப்பதும் பங்கு வகிக்கிறது என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

சீரகம், சோம்பு, ஓமம்: இம்மூன்றும் ஒரே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை. இவற்றின் எளிதில் ஆவியாகும் எண்ணெய்கள் குடலின் தசையைத் தளர்த்தி, இறுக்கிப் பிடிக்கும் வலியைக் குறைக்கின்றன. ஓமத்தில் தைமோலும் சோம்பில் அனெத்தோலும் முதன்மையானவை. ஒரு தேக்கரண்டி விதையை ஒரு குவளை நீரில் கொதிக்கவைத்து மூடி ஆறவைத்து உணவுக்குப் பின் அருந்தலாம். மூடாமல் கொதிக்கவைத்தால் பயனுள்ள எண்ணெய் ஆவியோடு போய்விடும். இவ்வகைப் பொருள்களுள் மிகுதியாக ஆராயப்பட்டது புதினா இனத்தின் எண்ணெய் ஆகும். குடல் எரிச்சல் நோய்க்குறித் தொகுப்பில் அதன் பயன் பல ஆய்வுகளில் காட்டப்பட்டுள்ளது. ஆனால் அது உணவுக்குழலின் கீழ்வாயையும் தளர்த்துவதால் நெஞ்செரிச்சல் உடையோருக்கு ஆகாது.

இஞ்சியும் சுக்கும்: இஞ்சி, இரைப்பை காலியாகும் வேகத்தைக் கூட்டுகிறது. சிறிதளவு உண்டாலே வயிறு நிறைந்துவிடுவதாக உணர்வோருக்கு இது ஏற்றது. சுக்குமல்லிக் காப்பி, இஞ்சி மொரப்பா, தீபாவளி இலேகியம் ஆகியவற்றின் அடிப்படை இதுவே. சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம் முதலியவற்றை வெல்லத்தோடும் நெய்யோடும் கிளறிச் செய்யப்படும் தீபாவளி இலேகியத்தை, பலகாரம் உண்ணும் முன்பே வெறும் வயிற்றில் உண்பது மரபு. குருதி உறையாமைக்கான மருந்து உண்போர் இஞ்சியையும் பூண்டையும் மருந்தளவில் உட்கொள்ளும் முன் மருத்துவரிடம் கேட்பது நன்று.

பூண்டு: வாயுவுக்குப் பாலில் வேகவைத்த பூண்டு தரும் வழக்கம் பரவலாக உள்ளது. மேலே கூறியபடி பூண்டில் பிரக்டானும் பாலில் லாக்டோசும் உள்ளன. இவ்விரண்டும் ஒத்துக்கொள்ளாதவருக்கு இது நோயையே மருந்தாகக் கொடுப்பதாகிவிடும். ஒருவருக்குக் கேட்ட மருந்து இன்னொருவருக்கு ஏன் கேட்பதில்லை என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

பிரண்டைத் துவையல், சுண்டைக்காய் வற்றலும் வேப்பம்பூவும் சேர்ந்த அங்காயப் பொடி ஆகியனவும் தமிழ்நாட்டில் வழங்குகின்றன. உணவின் அளவில் இவற்றை உண்பதில் கேடில்லை.

சோடாவும் "கேஸ் மாத்திரை"யும்

வயிறு உப்பினால் கோலி சோடா குடிப்பது பழைய வழக்கம். சோடாவில் அடைத்திருப்பது கார்பன் டை ஆக்சைடு. குடித்தவுடன் அது பெரிய ஏப்பமாக வெளிவருவதால் உள்ளிருந்த வாயு போய்விட்டது போல் தோன்றுகிறது. உண்மையில் வந்தது பெரும்பாலும் அப்போது குடித்ததே. சமையல் சோடாவை நீரில் கரைத்துக் குடிப்பதும் ஈனோ போன்ற பழ உப்புகளும் இவ்வாறே இயங்குகின்றன. சோடா உப்பு இரைப்பை அமிலத்தோடு வினைபுரிந்து வாயுவை உண்டாக்குகிறது. அமிலத்தால் வரும் எரிச்சலுக்கு எப்போதாவது பயன்படுத்தலாமே தவிர, உப்புசத்துக்கு இது எதிர்மாறான செயல். இவற்றில் சோடியம் மிகுதி என்பதால் குருதி அழுத்தம், சிறுநீரக நோய், இதய நோய் உடையோர் நாள்தோறும் பயன்படுத்தலாகாது. வயிறு முட்ட உண்டபின் மிகுதியான சமையல் சோடாவை விழுங்கியதால் இரைப்பையே கிழிந்த அரிய நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன.

மருந்துக் கடைகளில் "கேஸ் மாத்திரை" என்று கேட்டால் கிடைப்பவை பெரும்பாலும் ரானிடிடின், ஒமிப்ரசோல், பான்டோபிரசோல் ஆகியவை. இவை அமிலச் சுரப்பைக் குறைப்பவை, வாயுவைக் குறைப்பவையல்ல. நெஞ்செரிச்சலுக்கும் புண்ணுக்கும் இவை சிறந்த மருந்துகளே. ஆனால் அபானவாயுவுக்கும் உப்புசத்துக்கும் இவற்றை ஆண்டுக்கணக்கில் விழுங்குவதால் பயனில்லை. ஒமிப்ரசோல் வகையை நெடுங்காலம் உட்கொண்டால் உயிர்ச்சத்து பி12 உட்கிரகிப்பு குறையலாம். அமிலத் தடை நீங்குவதால் சிறுகுடலில் நுண்ணுயிர்கள் பெருகி உப்புசம் மிகவும் கூடும். ரானிடிடினில் புற்றுநோய் உண்டாக்கக்கூடிய என்டிஎம்ஏ என்னும் மாசு இருப்பது 2019இல் அறியப்பட்டது. ஐக்கிய அமெரிக்காவில் 2020 ஏப்ரலில் அது சந்தையிலிருந்து விலக்கப்பட்டது. இந்தியாவின் தேசிய இன்றியமையா மருந்துகள் பட்டியலிலிருந்து 2022இல் நீக்கப்பட்டது. எனவே கடையில் "கேஸ்" என்று மட்டும் சொல்லாமல், எரிகிறதா, உப்புகிறதா, வலிக்கிறதா என்று கூறுவது பயனுடையது.

நடை, மூச்சு, மலச்சிக்கல்

உண்டவுடன் படுப்பது வாயு நகர்வைத் தடுக்கிறது. நிமிர்ந்த நிலையில் வாயு விரைவாக வெளியேறுவதாக ஆய்வுகள் காட்டியுள்ளன. உணவுக்குப் பின் பத்துப் பதினைந்து நிமிடங்கள் மெதுவாக நடப்பது, குடலியக்கத்தைத் தூண்டும் மருந்துகளுக்கு ஈடான பயனைத் தந்ததாக ஈரானிலிருந்து 2021ஆம் ஆண்டு வெளியான ஆய்வொன்று கூறுகிறது. நாள் முழுதும் நாற்காலியில் அமர்ந்து, இரவு பத்து மணிக்கு மேல் உண்டு, உடனே உறங்கும் கணினித்துறையினர் முதலில் மாற்றத்தக்கது இதுவே. யோகாசனங்களில் முழங்காலை வயிற்றோடு அணைக்கும் பவனமுத்தாசனம் பெயராலேயே இதற்குரியது. பவனம் என்பது காற்று.

உதரவிதான மூச்சுப் பயிற்சி எளியது. முழங்கால்களை மடக்கி மல்லாந்து படுத்து, ஒரு கையை மார்பிலும் மறு கையை வயிற்றிலும் வைத்துக்கொள்ள வேண்டும். மூக்கு வழியே மெதுவாக மூச்சை இழுக்கும்போது வயிற்றின் மேலுள்ள கை மட்டும் உயர வேண்டும். இழுப்பதை விட நீண்ட நேரம் எடுத்து வெளிவிட வேண்டும். அப்போது உதரவிதானம் மேலேறுகிறது. உணவுக்குப் பின் சாய்ந்து அமர்ந்த நிலையிலும் ஐந்து முதல் பத்து நிமிடங்கள் இதனைச் செய்யலாம். இடைவிடாத ஏப்பம் உடையோருக்கும் இது பயன்படுகிறது. வயிற்றால் மூச்சுவிடும்போது காற்றை விழுங்குவது கடினம்.

மலச்சிக்கல் இருக்கும்வரை உப்புசம் தீராது. தேங்கிய மலம் வாயுவின் வழியை அடைப்பதோடு தானும் நொதிக்கிறது. நார்ப்பொருளை ஒரே நாளில் கூட்டினால் வாயு பெருகும். மூன்று நான்கு வாரங்களில் படிப்படியாகக் கூட்ட வேண்டும். கோதுமைத் தவிட்டை விட இசப்கோல் உமி மெதுவாக நொதிப்பதால் தொல்லை குறைவு. நிறைய நீருடன் அருந்த வேண்டும். பணியிடத்திலும் பயணத்திலும் கழிப்பிடம் இல்லாமையால் பெண்கள் காலை முதல் மாலை வரை அடக்கிக்கொள்வதும், அதற்காகவே நீர் அருந்தாதிருப்பதும் மலச்சிக்கலுக்கு ஒரு காரணம். இதற்குக் கழிப்பிடமே மருந்து, கசாயம் அன்று.

குழந்தைகள்

கைக்குழந்தை மாலை நேரங்களில் காரணமின்றி அழுவது பெரும்பாலும் வாயு என்றே கருதப்படுகிறது. இது பொதுவாக மூன்று நான்கு மாதங்களில் தானே நின்றுவிடும். பாலூட்டியபின் தோளில் சாய்த்து முதுகைத் தடவி ஏப்பம் விடச் செய்வது போதுமானது. பிறந்து ஆறு மாதங்கள் வரை தாய்ப்பால் தவிர நீரும் தேவையில்லை என்பது உலக சுகாதார அமைப்பின் பரிந்துரை. கிரைப் வாட்டர், ஓமத்திரவம், உரை மருந்து ஆகியவையும் இதில் அடங்கும். "பிள்ளை வளர்ப்பான்" என்றும் "பேர் சொல்லா மருந்து" என்றும் அழைக்கப்படும் வசம்பைச் சுட்டு இழைத்துக் கொடுக்கும் வழக்கம் இன்றும் உள்ளது. வசம்பில் உள்ள பீட்டா அசரோன் விலங்குகளில் புற்றுக் கட்டிகளை உண்டாக்கியதால் ஐக்கிய அமெரிக்கா 1968இல் அதனை உணவில் சேர்ப்பதைத் தடைசெய்தது. கையில் வசம்பு வளையல் அணிவிப்பதோடு நிறுத்திக்கொள்வதும், அதையும் குழந்தை வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்வதும் நல்லது. பச்சை நிற வாந்தி, வயிறு கல்லாக இறுகுதல், மலத்தில் இரத்தம், பால் குடிக்க மறுத்தல் ஆகியன வாயுவின் அறிகுறிகளல்ல. அன்றே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

வாயு அல்லாதவை

மாரடைப்பின் வலி எப்போதும் இடது மார்பில் தோன்றுவதில்லை. இதயத்தின் கீழ்ச்சுவருக்குக் குருதி தடைபடும்போது மேல்வயிற்றில் அழுத்தமாகவும், செரியாமை போலவும், ஏப்பம் வந்தால் சரியாகிவிடும் என்னும் உணர்வாகவும் தோன்றலாம். நீரிழிவு உடையோர், முதியோர், பெண்கள் ஆகியோரிடம் இது மேலும் மங்கலாக இருக்கும். "வாயுப் பிடிப்பு" என்று எண்ணிச் சோடா குடித்து, பெருங்காய மோர் குடித்து, தைலம் தேய்த்து விடியும் வரை காத்திருக்கும் நேரத்தில் இதயத் தசை மீளாமல் இறந்துகொண்டிருக்கும். அடைப்பைக் கரைக்கும் மருந்து முதல் சில மணி நேரத்துக்குள் தரப்பட்டால்தான் முழுப் பயன் தரும்.

மேல்வயிற்று அல்லது நெஞ்சு அழுத்தத்தோடு வியர்வை, மூச்சுத் திணறல், மயக்கம், தாடைக்கோ தோளுக்கோ கைக்கோ பரவும் வலி ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தாலும், நடக்கும்போது மிகுந்து நின்றால் குறைந்தாலும், அதனை வாயு அன்று எனக் கொண்டு 108ஐ அழைக்க வேண்டும். ஈசிஜி எடுத்துப் பார்க்கச் சில நிமிடங்களே ஆகும். ஏலாக்குறிச்சி போன்ற ஊர்களிலிருந்து அரியலூர் மாவட்டத் தலைநகருக்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டர் செல்ல வேண்டும். அங்கு 2022 சனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. இத்தகைய தொலைவைக் கருத்திற்கொண்டே, 2023இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு அரசின் "இதயம் காப்போம்" திட்டத்தில், மேல்மருத்துவமனைக்கு அனுப்பும் முன்பே ஆசுபிரின், குளோபிடோகிரல், அடோர்வாசுடாடின் ஆகிய மாத்திரைகளை ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை சுகாதார நிலையங்களிலும் தருவதற்கு ஏற்பாடு செய்யப்பட்டது.

உடனடி ஆபத்தில்லாவிடினும் மருத்துவரிடம் காட்ட வேண்டிய நிலைகளும் உள்ளன. ஐம்பது வயதை ஒட்டிய அல்லது கடந்த பெண்ணுக்குப் புதிதாகத் தோன்றி வாரக்கணக்கில் நாள்தோறும் நீடிக்கும் உப்புசம், சூலகப் புற்றின் முதல் அறிகுறியாக இருக்கக்கூடும். காரணமற்ற எடைக் குறைவு, மலத்தில் இரத்தம் அல்லது கரிய மலம், இரத்தச் சோகை, மாலை நேரக் காய்ச்சல், உறக்கத்திலிருந்து எழுப்பும் வலி, விழுங்குவதில் தடை ஆகியன சேர்ந்த உப்புசத்துக்குக் கைம்மருந்து செய்து காலம் கடத்தலாகாது. வயிற்றுக் காசநோய் இந்தியாவில் இன்றும் காணப்படுவதால் காய்ச்சலும் எடைக் குறைவும் சேர்ந்து வருதல் குறிப்பாகக் கவனிக்கத்தக்கது. மது அருந்துவோரிடம் வயிறு பெருத்துக் கால்கள் வீங்கினால் அது வாயுவன்று. கல்லீரல் கெட்டு வயிற்றில் நீர் சேர்ந்ததாக இருக்கலாம். வாயுவும் மலமும் அறவே பிரியாமல் வயிறு உப்பி வாந்தியும் வருமாயின் அது குடல் அடைப்பு. அறுவை மருத்துவம் தேவைப்படும் நிலையாதலால், நீர் உட்பட எதையும் வாய்வழி கொடுக்காமல் உடனே மருத்துவமனை செல்ல வேண்டும்.